தெரிந்த மாதிரி இருக்கும் சொற்கள்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் இலக்கியம் படித்தவன் அல்ல. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, சர்க்கார் உத்தியோகத்தில் ஃபைல்களோடு காலம் தள்ளியவன். ரிடையர் ஆன பிறகுதான் விக்டோரியா மகாராணி காலத்து (1837-1901) நாவல்களை நிதானமாகப் படிக்க ஆரம்பித்தேன். அவற்றில் வரும் கஷ்டமான சொற்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

அவை இரண்டு வகை. முதல் வகை, பார்த்தவுடனேயே நமக்குத் தெரியாது என்று தெரிந்துவிடும். டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' (1860-61) நாவலில் தப்பி வந்த கைதி ஒருவன் குளிரில் நடுங்குகிறான். அவனுக்கு 'ஏக்யூ' வந்திருக்கிறது, சதுப்பு நிலத்தில் படுத்ததால் வந்தது என்கிறான் சிறுவன் பிப். நடுக்கம், சதுப்பு இரண்டையும் சேர்த்தால் அர்த்தம் கிடைத்துவிடுகிறது: முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா. கொசுவின் உடலில் அதன் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-ல்தான். அதற்கு முன் வெகுகாலம் சதுப்பு நிலக் காற்றின் மேல்தான் பழி.

இரண்டாவது வகைதான் ஆபத்து. தெரிந்த சொல் போலவே இருக்கும். 'ஃப்ளை' என்றால் ஈ அல்ல, ஒற்றைக் குதிரை வாடகை வண்டி. ட்ரோலப் கதைகளில் 'லிவிங்' என்றால் வருமானத்தோடு கூடிய பாதிரியார் பதவி.

ஷார்லட் பிராண்டேயின் 'ஜேன் அயர்' (1847) நாவலில், பள்ளித் தோழி ஹெலனுக்குக் 'கன்ஸம்ப்ஷன்' என்கிறார்கள். நமக்கு அது மின்சார பில்லில் பார்த்த சொல். சிறுமி ஜேனோ, கவனித்துக்கொண்டால் சரியாகிவிடும் சிறு உபாதை என்று எண்ணி நிம்மதியாக இருக்கிறாள். உண்மையில் அது க்ஷயரோகம். விஷயம் தெரிந்து ஓடிப்போய்த் தோழியைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். விடிந்தபோது ஹெலன் உயிரோடு இல்லை. இதை எழுதியவரின் இரண்டு அக்காமார்களும் 1825-ல் இதே நோயில் மாண்டவர்கள்.

போட்டிப் பரீட்சைக்காக நம் பேரன் பேத்திகள் சொற்பட்டியலை உருப்போடுகிறார்கள். அதில் 'கன்ஸம்ப்ஷன்' இருக்காது, சுலபமான சொல்லாயிற்றே! அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு அத்தியாயத்தை நிறுத்தாமல் படியுங்கள். தெரியாத சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். தெரிந்த சொல்லே வாக்கியத்தில் சரியாகப் பொருந்தாவிட்டால் இரண்டு கோடு போடுங்கள். பிறகு அகராதியைத் திறந்து, இரண்டு கோடு போட்டதை முதலில் பாருங்கள்.