உச்சிக்குப் போனதை யார் கண்டது?



2016ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் திகதி கத்மண்டுவில் ஒரு கணவனும் மனைவியும் பத்திரிகையாளர்களைக் கூட்டினார்கள். தினேஷ் ராத்தோட், தாரகேஷ்வரி ராத்தோட். இரண்டு பேரும் இந்தியாவின் புனே நகரப் பொலிஸார். மே 23ஆம் திகதி எவரெஸ்ட் உச்சியில் நின்றோம், அங்கே ஏறிய முதல் இந்தியத் தம்பதி நாங்கள்தான் என்றார்கள். கையில் படங்கள் இருந்தன. கூடப்போன வழிகாட்டிகளும் ஆமாம் என்றார்கள். நேபாளச் சுற்றுலாத் திணைக்களம் சான்றிதழே கொடுத்துவிட்டது.

புனேயிலிருந்த மற்ற மலையேறிகளுக்குத்தான் உறுத்தியது. அடிவார முகாமுக்குப் போய்ச் சேர்ந்த நாளையும் உச்சிக்குப் போனதாகச் சொன்ன நாளையும் வைத்துப் பார்த்தால் கணக்கு இடித்தது. அந்த உயரத்துக் காற்றுக்கு உடம்பு பழகவே வாரக்கணக்கில் வேண்டும். ஒரு படத்தில் ஒரு நிற உடுப்பும் சப்பாத்தும், இன்னொரு படத்தில் வேறு நிறம். கையுறையைக் கழற்றினாலே விரல் போய்விடக்கூடிய இடத்தில் யார் உடுப்பு மாற்றுவார்கள்? அப்போதுதான் பெங்களூரில் வேலை பார்த்த சத்யரூப் சித்தாந்த என்ற மலையேறி முன்னுக்கு வந்தார். அவர் மே 21ஆம் திகதி உச்சிக்குப் போனவர். தம்பதியர் காட்டிய உச்சிப் படம் தன்னுடைய படம், ஆளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்றார். ஓகஸ்ட் மாதம் நேபாளம் சான்றிதழை இரத்துச் செய்து, பத்து வருடத்துக்கு இருவரும் அந்த நாட்டு மலைகளில் ஏறக்கூடாது என்று தடை போட்டது. அடுத்த வருடம் பொலிஸ் வேலையும் போனது.

இந்தக் கதையைக் கேட்டதும் நமக்கு அந்தத் தம்பதி மேல்தான் சிரிப்பு வருகிறது. நான் முதலில் கேள்வி கேட்பது சான்றிதழ் எழுதிக் கொடுத்தவர்களிடம். எதை நம்பி எழுதினார்கள்? ஒரு படத்தையும் வழிகாட்டிகளின் வாய்ச்சொல்லையும். வழிகாட்டிக்குச் சம்பளம் ஏற வந்தவரின் பணத்திலிருந்துதான் வருகிறது. உச்சியைத் தொட்டுவிட்டால் மேலதிகமாக ஒரு தொகை கொடுப்பதும் அங்கே வழக்கம். அப்படியிருக்க, அவர் வாயிலிருந்து 'இல்லை' எப்படி வரும்?

அதே 2016 மே மாதம் நரேந்தர் சிங் யாதவ் என்ற இந்தியரும் இதே போலச் சான்றிதழ் வாங்கினார். நான்கு வருடம் யாரும் கேட்கவில்லை. 2020இல் மலையேறி டென்சிங் நோர்கேயின் பெயரில் இந்திய அரசு கொடுக்கும் விருதுக்கு அவர் பெயர் வந்தது. உடனே எல்லாரும் அவர் படத்தைப் பெருக்கிப் பார்த்தார்கள். மூக்கில் மாட்டிய ஒட்சிசன் முகமூடியிலிருந்து சிலிண்டருக்குப் போகவேண்டிய குழாயைக் காணோம். கறுப்புக் கண்ணாடியில் பனியோ மலையோ தெரியவில்லை. கொடி காற்றே இல்லாததுபோலத் தொங்கியது. விருது நின்றது. அவருக்கும், கூடப்போன சீமா ராணி கோஸ்வாமிக்கும், குழுத் தலைவருக்கும் 2016இலிருந்து கணக்கிட்டு ஆறு வருடத் தடை. தடை முடிந்த கையோடு, 2022 மே மாதத்திலேயே, யாதவ் திரும்பப் போய் உச்சிக்கு ஏறினார். இந்த முறை தாராளமாகப் படமும் வீடியோவும் எடுத்துக்கொண்டு வந்தார். ஏறக்கூடிய ஆள்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

மலை என்றாலாவது ஒரு வசதி இருக்கிறது. டயகமவிலிருந்து மேலே ஏறினால் ஹோர்ட்டன் சமவெளி. அங்கே நம் இலங்கையின் இரண்டாவது உயரமான சிகரம் கிரிகல்பொத்த. நான் போனேன் என்று ஒருவர் சொன்னால், நீங்கள் நாளைக்குப் போய்ப் பார்க்கலாம், அது அங்கேயேதான் இருக்கும். வடமுனையில் அதுவும் இல்லை. அது நிலமே அல்ல, ஆழ்கடலுக்கு மேலே மிதக்கும் பனிக்கட்டி. இன்றைக்கு ஒரு கொடியை நட்டுவிட்டு வந்தால், காற்றும் நீரோட்டமும் அந்தப் பனியையே தள்ளிக்கொண்டு போய்விடும். சூரியன் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று கருவியால் அளந்து கொப்பியில் எழுதிய எண்தான் அன்றைக்கு ஒரே சாட்சி. அளப்பவரும் எழுதுபவரும் ஒரே ஆள் என்றால்?

1909 செப்டெம்பரில் உலகமே இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டது. முதலாம் திகதி டொக்டர் பிரெடரிக் குக் என்ற அமெரிக்கர், போன வருடம் ஏப்ரல் 21ஆம் திகதியே வடமுனைக்குப் போய்விட்டேன் என்று தந்தி அடித்தார். ஐந்து நாள் கழித்து ரொபர்ட் பியரி என்ற அமெரிக்கக் கடற்படைக்காரர், இல்லை, இந்த வருடம் ஏப்ரல் 6ஆம் திகதி நான்தான் போனேன் என்று தந்தி அடித்தார். பத்திரிகைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டன.

குக்கின் கதை சீக்கிரம் கலைந்தது. கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகம் செப்டெம்பரில் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. டிசெம்பரில் அதே பல்கலைக்கழகம் அவருடைய தாள்களைப் பார்த்துவிட்டு, முனைக்குப் போனதற்கு இதில் ஆதாரம் இல்லை என்றது. 1906இல் அலாஸ்காவின் மக்கின்லி சிகரத்தில் ஏறியதாக அவர் வெளியிட்ட படத்திலும் சந்தேகம் கிளம்பியது. 1910இல் இரண்டு மலையேறிகள் போய், அந்தப் படத்தை அவர் எடுத்த பாறையையே கண்டுபிடித்தார்கள். அது உச்சியிலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவு தள்ளி, எத்தனையோ தாழ்வில் கிடந்த ஒரு சின்னக் குன்று.

பியரியின் கதைதான் இழுத்தது. அவர் நிஜமாகவே பனியில் வாழ்க்கையைக் கழித்தவர், கால்விரல்களைக் குளிருக்குக் கொடுத்தவர். அந்த முறை 1909 மார்ச் முதலாம் திகதி கரையை விட்டார். பொப் பார்ட்லட் என்ற கப்பல் தலைவர் மாதக் கடைசி வரைக்கும் கூட வந்து, 87 பாகை 47 கலை வட அகலக்கோட்டில் அளந்து எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அதுவரை ஒரு மாதத்தில் நேர்கோட்டில் கடந்தது ஏறத்தாழ 520 கிலோமீட்டர். திறந்த நீர் வழிமறித்து நாட்கணக்கில் காத்துக் கிடந்ததும் இதில் சேர்த்தி. பார்ட்லட் திரும்பிய பிறகு மிச்சமிருந்த 240 கிலோமீட்டர் சொச்சத்தை ஐந்தே நடையில் முடித்ததாக பியரி சொன்னார். திரும்பும்போது முனையிலிருந்து கரைக்கு 760 கிலோமீட்டரை பதினாறு நாளில் வந்ததாகவும் சொன்னார். சூரிய உயரத்தை அளக்கத் தெரிந்த இன்னொருவர் கூட இருந்த வரைக்கும் ஒரு வேகம், அவர் போனதும் வேறு வேகம்.

கூடப்போனவர்கள் இருந்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் அவரோடு நடந்த மத்தியூ ஹென்சன் என்ற கறுப்பினத்தவர், பிறகு ஊட்டா, எகிங்வா, சீக்லூ, ஊக்வியா என்ற நான்கு இனுவிட் ஆட்கள். நாய்வண்டியை ஓட்டுவதிலும் பனியில் வழி எடுப்பதிலும் இவர்கள் இல்லாமல் பியரி ஓரடி போயிருக்க முடியாது. ஆனால் இங்கேதான் முனை என்று தானே அளந்து சொல்லும் நிலையில் இவர்களில் ஒருவரும் இல்லை. அப்படிப் பார்த்துத்தான் அவர்களைக் கூட்டிப் போனாரோ என்று அன்றே கேட்டார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் விடவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் 1911இல் பியரிக்கு நன்றி சொல்லி உயர்ந்த கடற்படைப் பதவியும் கொடுத்தது. அவருடைய நாட்குறிப்பை பின்னாளில் வொலி ஹேர்பர்ட் பார்த்தார். அவர் தானே 1969இல் பனியில் நடந்து வடமுனைக்குப் போனவர். முனையை அடைந்ததாகச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற வரிகள் குறிப்பேட்டின் பக்கத்தில் இல்லை, உள்ளே செருகிய தனித்தாளில் இருந்தன. பனி நகர்ந்ததைச் சேர்த்துக் கணக்கிட்டு, பியரி முனைக்குப் பல கிலோமீட்டர் தள்ளித்தான் நின்றிருப்பார் என்று 1988இல் எழுதினார். மறுவருடமே, இல்லை, கிட்டத்தட்ட முனையில்தான் நின்றார் என்று இன்னோர் ஆய்வு வந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை.

நம் மலையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். கொழுந்தெடுத்த அம்மா தராசைப் பார்த்துக்கொண்டே நிற்பார். கணக்கப்பிள்ளையும் பார்ப்பார். அம்மாவுக்கு ஒரு கிலோ கூடவேண்டும், கணக்கப்பிள்ளைக்கு ஈரத்துக்கும் கூடைக்கும் கழிக்கவேண்டும். அன்றைய சம்பளத்துக்குப் பேர் முழுசாக விழுமா, அரைப்பேரா என்பது அந்த முள்ளில் இருக்கிறது. ஒருவர் சொல்லை ஒருவர் நம்பவேண்டிய தேவையே இல்லாதபடி இருவரும் ஒரே முள்ளைப் பார்க்கிறார்கள். அதனால்தான் செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் விழுந்த எண்ணுக்கு ஒரு மதிப்பு. பியரி தானே கொழுந்தெடுத்து, தானே நிறுத்து, தானே எழுதிக்கொண்டவர்.

தென்முனைக்குப் போன நோர்வேக்காரர் ரோல்ட் அமுண்ட்சன் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். 1911 டிசெம்பர் 14ஆம் திகதி ஐந்து பேராகப் போய்ச் சேர்ந்ததும் கொடியை நட்டுவிட்டுத் திரும்பவில்லை. அளவில் பிழை வந்திருக்கலாம் என்று மூன்று பேரை மூன்று பக்கம் பல கிலோமீட்டர் தூரத்துக்கு அனுப்பி அடையாளம் நடச் சொன்னார். முகாமை மாற்றி, ஆள் மாற்றி ஆள் மணிக்கொரு தரம் சூரியனை அளந்தார்கள். பிறகு ஒரு சின்னக் கூடாரம் அடித்து, நோர்வே மன்னருக்கு ஒரு கடிதத்தை அதற்குள் வைத்தார். கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி யாருக்குக் குறிப்பு எழுதினார் தெரியுமா? தனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த போட்டியாளர் ஸ்கொட்டுக்கு! ஒரு மாதம் கழித்து ஸ்கொட்டும் அவருடைய நான்கு பேரும் வந்தார்கள், கூடாரத்தைக் கண்டார்கள். திரும்பும் வழியில் ஐவரும் இறந்துபோனார்கள். தேடிப் போனவர்கள் 1912 நவம்பரில் ஸ்கொட்டின் நாட்குறிப்பை எடுத்தார்கள். தோற்றவர் தன் கைப்பட எழுதிய சாட்சி அது. அமுண்ட்சன் போனாரா என்று அதற்குப் பிறகு யாருக்கும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

சந்தேகப்படுவது மரியாதைக் குறைவு என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். ஒருவர் மாலையும் கையுமாக வந்து நின்றால் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறோம். கேள்வி கேட்காமல் போட்ட மாலை, ராத்தோட் தம்பதிக்குப் போட்டது போல, இரண்டு மாதத்தில் வாடிவிடும். நிஜமாக ஏறியவரின் கழுத்து மாலையையும் அது சேர்த்தே வாட்டும்.

2016 மே மாதம் அதே எவரெஸ்டில் நம் நாட்டவர் இருவரும் இருந்தார்கள். ஜயந்தி குரு உதும்பால மே 21ஆம் திகதி உச்சியில் நின்றார், அங்கே நின்ற முதல் இலங்கையர். கூடப்போன ஜொஹான் பீரிஸ், முடி அலங்காரத் தொழில் செய்பவர், ஏறத்தாழ 8,400 மீட்டர் வரை ஏறிவிட்டார். உச்சி 8,848. ஒட்சிசன் போதாமல் அங்கேயே திரும்பினார். ஊருக்கு வந்து, நான் உச்சிக்குப் போகவில்லை என்று சொன்னார். இரண்டு வருடம் கழித்து, 2018 மே 22ஆம் திகதி, அவர் உச்சியில் நின்றதாகச் செய்தி வந்தது. அந்தப் படத்தை நான் பெருக்கிப் பார்க்கவில்லை.