நட்டுவிட்டுப் போகலாமா?

(தஞ்சைப் பட்டிமன்றம். தலைப்பு: "பிறர் துயர் துடைக்கும் பணிக்கு வரும் இளையவருக்குப் பெருந்துணை பட்டப்படிப்பா, மூத்தவர் வழிகாட்டலா?" வழிகாட்டலே என்ற அணியில் பேசியது.)



எதிரணித் தம்பி, "படிப்பு இருந்தால் போதும், பக்கத்திலே ஒருவர் எதற்கு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். படிப்பு வேண்டாம் என்று நான் சொல்வேனா? சொன்னால் ஒண்ணாந்தேதி என் வீட்டிலே அடுப்பு எரியாது! (சிரிப்பு)

ஆனால் ஒன்று கேட்கிறேன். 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கிலே பிள்ளைகளை வகுப்பறைக்குள்ளேயே பூட்டியா வைத்திருக்கிறார்கள்? களப்பணிக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வந்து அறிக்கை எழுத வேண்டும். ஆசிரியர் உட்காரவைத்து, "அந்த அம்மா அழுதபோது நீ ஏன் பேச்சை மாற்றினாய்?" என்று கேட்பார். தம்பி, நீங்கள் கொண்டாடுகிற படிப்புக்குள்ளேயே எங்கள் வழிகாட்டிதான் உட்கார்ந்திருக்கிறார்! (கைதட்டல்)

குறை எங்கே? பட்டம் கைக்கு வந்ததும் பல இடங்களிலே அந்த நாற்காலி காலியாகிவிடுகிறது.

நம்ம ஊர் விவசாயியைக் கேளுங்கள். நாத்தங்கால்லே தளதளன்னு நிக்கிற நாத்து, பறிச்சு நட்ட ரெண்டாம் நாள் வாடித் தலை சாய்ஞ்சு நிக்கும். "நாத்தங்கால்லே நல்லாத்தானே இருந்தே"ன்னு எந்த விவசாயியாவது அதைத் திட்டினாரா? பச்சை பிடிக்கிற வரைக்கும் வரப்பிலே நின்னு, தண்ணி வைப்பார், வடிப்பார். கல்லூரி நாற்றங்கால். வேலை வயல். வரப்பிலே நிற்பவர் யார் என்பதுதான் இன்றைய கேள்வி!

2004-ஆம் ஆண்டு இந்த மண்ணை இரண்டு முறை அழவைத்தது. ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். டிசம்பர் 26, ஆழிப்பேரலை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிபுணர்கள் வந்து, உள்ளூர்க்காரர்களுக்கே துயரைக் கேட்கும் பயிற்சி கொடுத்தார்கள்.

அப்போது என் பழைய மாணவி ஒருத்தி, சமூகப்பணிப் பட்டத்தோடு நாகைக் கடற்கரைக்குப் போனாள். ஒரு தாய், "கையைப் பிடிச்சிருந்தேம்மா, நழுவிப் போச்சு" என்றாராம். இவள், "அழாதீங்கம்மா, நான் தினமும் வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். போனாள். பத்தாம் நாள் இவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் நழுவுகிற கை!

குழுவிலிருந்த மூத்த அம்மையார் சாயங்காலம் கூப்பிட்டார். "எத்தனை வீடு பார்த்தே?" என்று கேட்கவில்லை. "உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். அழுது முடிக்க விட்டார். அப்புறம் சொன்னார்: "தினமும் வர்றேன்னியே, வேலை முடிஞ்சு நீ ஊருக்குப் போன மறுநாள் அவங்க யார் முகத்தைப் பார்ப்பாங்க? இன்னொரு கையும் நழுவணுமா? வாரம் ரெண்டு நாள்னு சொல்லு. சொன்ன நாள்லே தவறாமப் போ. பக்கத்து வீட்டு அக்காவையும் கூட உட்கார வை."

நடுவர் அவர்களே! அந்த ஒரு மணி நேரம் காப்பாற்றியது என் மாணவியை மட்டுமா? அந்தத் தாயையும்தான்! இந்த அறிவுரை புத்தகத்திலும் இருக்கலாம். ஆனால் பத்தாம் நாள் சாயங்காலம் புத்தகம் வந்து, "உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்குமா? (நீண்ட கைதட்டல்)

"மேலே ஒருவர் இருந்தால் அதிகாரம் பண்ணமாட்டாரா?" என்றார்கள். கண்காணிப்பு வேறு, வழிகாட்டல் வேறு. குழம்பிலே உப்பு சரியா என்று மாமியார் பார்ப்பது கண்காணிப்பு! (சிரிப்பு) தலைப்பிரசவமான மகளுக்கு, காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் குளிப்பாட்டத் தாய் சொல்லிக் கொடுக்கிறாளே, அது வழிகாட்டல்.

இன்று அந்த மாணவிக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அவளுக்குக் கீழே நாலு இளையவர்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் அவர்களோடு உட்காருகிறாள். வந்தவர் கதை வெளியே போகாது. தவற்றை ஒப்புக்கொண்டவருக்கு ஏச்சும் கிடையாது.

நிறைவாக ஒன்று. திருக்குறளின் 45-ஆம் அதிகாரம் 'பெரியாரைத் துணைக்கோடல்'. அது எங்கே இருக்கிறது? பொருட்பாலிலே, அரசனுக்குச் சொன்ன பகுதியிலே! முடிசூடிய மன்னனுக்கே மூத்தவர் துணை வேண்டுமென்றால், நேற்றுப் பட்டம் வாங்கிய பிள்ளைக்கு வேண்டாமா?

நட்டுவிட்டுப் போகாதீர்கள், பச்சை பிடிக்கும்வரை வரப்பிலே நில்லுங்கள். நல்ல தீர்ப்பைத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.