சொந்த ஊர் எது?



ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி தரும் மையம் ஒன்றை நடத்துகிறேன். தொடக்கத்தில் தெரிந்தவர்கள் சொன்ன ஆட்களையே வேலைக்கு எடுத்தேன். ஒருநாள் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால், ஏறக்குறைய எல்லோரும் ஒரே சாதி. 'தெரிந்தவர்' என்ற சொல்லுக்குள் சாதி ஒளிந்திருந்தது.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயர் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. 1929 செங்கல்பட்டு மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது, துறந்தோம். ஆனால் நேர்காணலில் "சொந்த ஊர் எது? எந்தத் தெரு?" என்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன்.

இப்போது எல்லோருக்கும் ஒரே கேள்விகள்தான். பிறகு மூத்த பயிற்சியாளர் உடனிருக்க, அரைமணி நேரம் குழந்தையோடு தரையில் உட்கார வேண்டும். குழந்தை அழுதால் அதட்டுகிறாரா, பொறுத்திருக்கிறாரா என்று இருவர் தனித்தனியாக மதிப்பெண் போடுகிறோம்.

"நம்ம ஆளா பாத்துப் போடுங்க" என்றார் ஒரு தந்தை. மறுத்தேன். பிள்ளையை அழைத்துப் போய்விட்டார். அந்தப் பிள்ளையை நினைத்து இன்றும் வருத்தம்தான், முடிவை மாற்றவில்லை.

தனியார் துறை இடஒதுக்கீட்டுக்குப் போராடுவோம். அதுவரை, வேலை கொடுக்கும் இடத்தில் இருக்கும் தோழர்களே, அந்த ஒரு கேள்வியையாவது நிறுத்துங்கள்.