காடு வெட்டியவர் யார், காணி பெற்றவர் யார்?

(தலவில புனித அன்னம்மாள் ஆலய ஆகஸ்ட் திருவிழாவுக்கு வந்திருந்த தோட்டக் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



பூசை முடிந்து களைப்பாக இருப்பீர்கள். அடுப்பிலும் சோறு இருக்கிறது. சுருக்கமாகவே பேசுகிறேன்.

என் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "சேர், இங்கிலிஸ் படத்துல காட்டுக்குள்ள போய் குடியேறுறாங்களே, குதிரை, துப்பாக்கி எல்லாம் வச்சு, அப்படிக் கதை நமக்கு இல்லையா?" இருக்கிறது என்றேன். குதிரையில் வந்தவர் துரை. நம் ஆட்கள் நடந்து வந்தார்கள்.

இந்தக் கடலோரமாகவே வடக்கே போனால் அரிப்பு, மன்னார். கோப்பிக் காலத்தில் மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துச் சனம் தோணியில் வந்து இறங்கிய கரை அது. அங்கிருந்து அநுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை என்று 150 மைலளவு நடை. வழியில் வாந்திபேதியும் காய்ச்சலும். விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. கோப்பி மூட்டைக்குக் கணக்கு இருந்தது.

மலைக்காடு யாருடையது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் முடிக்குரியவை என்றது. உறுதி காட்ட முடியாத கண்டிக் கிராமத்தவரின் சேனையும் மாடு மேய்ந்த காடும் அப்படித்தான் போயின. அந்த நாளில் ஏக்கர் 5 சிலிங். வாங்கியவர்களில் அரசாங்கத்தின் பெரிய உத்தியோகத்தரும் இருந்தார்கள். காடு வெட்டச் சிங்களக் கிராமத்தவரும் கூலிக்கு வந்தார்கள். குழி வெட்டி, நட்டு, களை பிடுங்கி, பழம் ஆய்ந்தது நம்மவர். காணி இழந்தவரையும் காணியே பெறாதவரையும் பிற்பாடு ஒருவருக்கொருவர் பகையாக்கியதுதான் பெரிய கெட்டித்தனம்.

அமெரிக்காவில் 1862இல் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். 160 ஏக்கர் எடு, வீடு கட்டு, 5 வருசம் இருந்து பயிர் செய், காணி உனக்கு. செவ்விந்தியரிடம் பறித்த நிலம் அது, புகழ வரவில்லை. ஆனாலும் பாடுபட்ட வெள்ளைக்கார ஏழையின் கைக்கு உறுதி வந்தது. மேற்கிலிருந்து மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் சீனர். பாதை 1869இல் முடிந்தது. பிரஜையாக முடியாத சீனனுக்கு அந்த 160 ஏக்கர் இல்லை. 1882இல், சீனக் கூலியாள் இனி வரவே கூடாது என்று சட்டமும் வந்தது.

நமக்கு அது 1948. அந்த வருசத்து 18ஆம் இலக்கச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்று பிரித்து எழுதியது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டம் கைமாறி அரசிடம் போனது. லயம் லயமாகவே இருந்தது. நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் வர 2003 ஆனது.

பாட்டன் காலத்தில் நமக்கும் ஒரு தாள் இருந்தது. துண்டு. கடனைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்த தாள். 1921இல்தான் அது ஒழிந்தது.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். 160 ஏக்கர் என்றால் 25,600 பேர்ச். நாம் கேட்பது 7 பேர்ச். அங்கே ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த நிலத்தில் நம் 3,657 குடும்பம் வீடு கட்டலாம். பையன் இரண்டு தரம் வகுத்துப் பார்த்தான், பிழை என்று நினைத்து.

அந்த 7 பேர்ச்சுக்கும் வாய்ச்சொல் போதாது, உறுதி வேண்டும். புருசன், பெண்சாதி இருவர் பேரிலும் வேண்டும். மலையில் கொழுந்து கிள்ளுகிறவள் அவள்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் பெட்டியடியில் கிடக்கும் பழைய தாள்களைத் தேடுங்கள். பிறப்புச் சாட்சி, பிரஜாவுரிமைச் சான்றிதழ், பாட்டனின் துண்டு, எதுவானாலும் சரி. தோட்டத் தலைவரிடம் கொண்டு வாருங்கள். போட்டோக் கொப்பி எடுத்து அங்கேயே திருப்பித் தருவோம். மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், என்னிடமும்தான்.