மூன்று நிமிடப் படமும் ஒரு பானை கூழும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் அவர் நீரிழிவு, குருதியமுக்கம், கொலஸ்திரோல் ஆகிய மூன்றையும் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் நினைப்பது நியாயம். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் பேச விட்டால் உங்கள் பசியையும் கெடுத்துவிடுவார். அந்தப் பாவத்தை நான் இன்று செய்யப்போவதில்லை. எங்கள் வகுப்புத் தோழிகள் சேர்ந்து ஒரு சாப்பாட்டுக் கடைக்காக எடுத்த மூன்று நிமிடப் பகிடிப் படத்தைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். உங்களில் பலர் அதைக் கைத்தொலைபேசியில் பார்த்திருப்பீர்கள். அது எப்படி உருவானது என்பதைச் சொல்கிறேன்.

அந்தக் கடையை ஆறு பெண்கள் நடத்துகிறார்கள். அவர்களுள் நால்வர் குடும்பப் பாரத்தைத் தனியாகச் சுமப்பவர்கள். காலையில் பிட்டு, இடியப்பம், பாலப்பம், இலைக்கஞ்சி. மத்தியானத்தில் சிவப்பரிசிச் சோறு. வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாட்களில் ஒடியல் கூழ். 2022 இல் எரிவாயுவுக்கு நாடே வரிசையில் நின்றபோது இவர்கள் விறகடுப்பை மூட்டிக் கடையைத் திறந்தே வைத்திருந்தார்கள். அன்று இவர்களுடைய சோற்றுப் பார்சலை நம்பியிருந்தவர்களில் எங்கள் வைத்தியசாலை ஊழியர்களும் அடக்கம். பின்னர் எரிவாயு வந்தது. புதிய கடைகளும் வண்ண விளக்குகளோடு வந்தன. கொத்துரொட்டியும் பிரைட் றைஸும் வீட்டு வாசலுக்கே போய்ச் சேரத் தொடங்கின. இவர்களுடைய பானையில் பின்னேரம் வரை கூழ் மிஞ்சியது. கடையை மூடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

இந்தச் செய்தி எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது, ரொறன்ரோவில் இருக்கும் தோழி பணம் அனுப்புவதாகச் சொன்னாள். பணம் ஒரு மாதத்துக்குத் தாங்கும், பிறகு என்ன செய்வது என்று இங்கே ஆசிரியையாக இருக்கும் தோழி கேட்டாள். அவளுடைய மகள் ஊடகக் கற்கை படிப்பவள். "அன்ரி, சனம் நோட்டீஸ் வாசிக்காது. சிரிச்சாத்தான் மற்றவைக்கு அனுப்பும்" என்று அந்தப் பிள்ளை சொன்னதில்தான் எங்கள் படம் பிறந்தது.

அவள் சொன்னது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1895 டிசம்பர் 28 ஆம் திகதி லூமியர் சகோதரர்கள் பாரிஸ் நகரில் கட்டணம் பெற்றுப் பத்துச் சிறு படங்களைக் காட்டினார்கள். காட்டிய இடம் கிராண்ட் கஃபே என்ற சிற்றுண்டிச்சாலையின் நிலவறை. ஒவ்வொரு படமும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அவற்றுள் ஒன்றில் ஒரு தோட்டக்காரர் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். ஒரு பையன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நின்றுவிட, அவர் குழாயின் வாயை உற்றுப் பார்க்கிறார். பையன் காலை எடுக்கிறான். மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் ஏற்கெனவே சிரித்துவிட்டீர்கள். தோட்டக்காரருக்குத் தெரியாதது பார்க்கும் எங்களுக்குத் தெரியும். பகிடியின் சூத்திரம் அவ்வளவுதான். அதே நிகழ்ச்சியில் ஒரு குழந்தைக்கு உணவூட்டும் படமும் இருந்தது. ஆக, சாப்பாடும் சிரிப்பும் திரைப்படத்தோடு கூடப் பிறந்தவை.

எங்கள் நாட்டிலும் உதாரணம் உண்டு. எங்கள் அம்மாமார் வானொலியில் கேட்டுச் சிரித்த நாடகம் 1976 இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாக வந்தது. ராமதாஸின் மரிக்கார், ராஜகோபாலின் அப்புக்குட்டி, செல்வசேகரனின் உபாலி என்று ஒவ்வொருவரும் தத்தம் பேச்சுத் தமிழில் கதைத்தார்கள். கடன் வாங்கிய தமிழில் பகிடி விட்டால் அது பாதி வழியிலேயே ஆறிவிடும். ஆகவே எங்கள் படத்தில் எல்லோரும் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் கதைப்பது என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட்டோம்.

அடுத்த கேள்விதான் கடினமானது. பகிடி யாரைப் பற்றியது?

குழுவில் யோசனைகள் மழையாகக் கொட்டின. மனைவியின் சமையலுக்குப் பயந்து கடைக்கு ஓடிவரும் கணவன். நாற்காலியில் இருந்து எழும்ப முடியாமல் சாப்பிடும் பருத்த பெண். வெளிநாட்டிலிருந்து வந்து கூழைப் பார்த்து முகம் சுளிக்கும் பிள்ளை. இவை எல்லாம் நாங்கள் பார்த்துப் பார்த்துப் பழகிய பகிடிகள். இவற்றைக் கடைக்காரப் பெண்களிடமே வாசித்துக் காட்டினோம். கூழ் காய்ச்சும் அக்கா அகப்பையைக் கீழே வைக்காமலே கேட்டார்: "டொக்டர் பிள்ளை, நாங்களும் வீட்டிலை ஒருத்தருக்குச் சமைச்சுப்போட்டுத்தான் இஞ்சை வாறம். ஒரு பொம்பிளையின்ரை சமையல் கூடாதெண்டு சொல்லித்தான் எங்கடை சாப்பாடு விக்க வேணுமோ?"

பிறகு இன்னொன்றும் சொன்னார். "சனம் சிரிக்கட்டும். ஆனா எங்களைப் பாத்துச் சிரிக்கக் கூடாது."

சிரிக்க வைப்பது வேறு, ஒருவரைச் சிரிப்புக்கிடமாக்குவது வேறு. எங்கள் படத்துக்கு அந்த அக்கா வரைந்து தந்த எல்லைக்கோடு அதுதான். ஏழையைப் பார்த்து, பருத்தவரைப் பார்த்து, கறுத்தவரைப் பார்த்து, திக்கிப் பேசுபவரைப் பார்த்துச் சிரிக்கும் பகிடிகளை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று ஒரு தோழி கவலைப்பட்டாள். மனிதருடைய வீம்பு இருக்கிறதே! அது வற்றாத கிணறு.

கதை இப்படி அமைந்தது. வெள்ளைச் சேட்டு அணிந்து, கக்கத்தில் குடை வைத்த ஓர் ஐயா கடைக்கு வருகிறார். ஒரு சிரட்டை கூழ் குடிக்கிறார். வாயைத் துடைத்துவிட்டு, "பரவாயில்லை. ஆனா எங்கடை அம்மா காய்ச்சிற கூழ் மாதிரி வராது" என்கிறார். சொல்லிக்கொண்டே வெறும் சிரட்டையை மறுபடியும் நீட்டுகிறார். இரண்டாம் நாள் இருப்பதற்கு முன்னரே அதே வசனம், அதே இரண்டாவது சிரட்டை. மூன்றாம் நாள் தூக்குச்சட்டியோடு வருகிறார்: "அம்மாவுக்குக் காட்டத்தான், என்ன பிழை எண்டு." நான்காம் நாள் அம்மாவையே கூட்டி வருகிறார். அம்மா கூழைக் குடிக்கிறார். கடை முழுவதும் மூச்சு விடாமல் பார்க்கிறது. அம்மா மகனைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, நான் எப்பயடா கூழ் காய்ச்சினனான்? அது உன்ரை பெரியம்மாவெல்லோ!" என்கிறார்.

அம்மாவாக நடித்தவர் எங்கள் பாடசாலையின் இளைப்பாறிய ஆசிரியை ஒருவர். இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். பெயர் சொல்லக் கூடாது என்று கட்டளை. நாற்பது வயது தாண்டியும் அவருடைய கட்டளையை மீறும் துணிவு எங்களுக்கு வரவில்லை. எழுதிக் கொடுத்த வசனம் முடிந்த பிறகு அவர் தானாகவே சிரட்டையை நீட்டி, "பிள்ளை, இன்னும் கொஞ்சம் விடு" என்றார். படத்தின் கடைசி வசனம் அதுவே ஆயிற்று.

இந்தக் கதையில் கூழ் காய்ச்சும் அக்காவுக்கு ஒரு வசனமும் இல்லை. முதலில் அவர் ஐயாவுக்குச் சுடச்சுடப் பதில் சொல்வதாக எழுதியிருந்தோம். "வாற ஆக்களோடை நாங்கள் வாய் காட்டுறேல்லை" என்று அவர் மறுத்துவிட்டார். ஆகவே ஒவ்வொரு நாளும் அவர் பேசாமல் கூழை வார்க்கிறார். முகத்தில் சிரிப்பு மட்டும் நாளுக்கு நாள் கொஞ்சம் கூடுகிறது. பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அந்த முகத்தைப் பற்றித்தான்.

இரண்டாவது வாக்குவாதம் என்னுடைய தொழில் சம்பந்தப்பட்டது. "சீனி வருத்தத்துக்குக் குரக்கன் ரொட்டி நல்ல மருந்தெண்டு டொக்டர் ஒரு சொல்லுச் சொன்னால் போதும்" என்று கடையின் கணக்குப் பார்க்கும் தங்கை கேட்டார். கேட்டதில் பிழையில்லை, அப்படிப்பட்ட விளம்பரங்களைத்தான் அவர் நாளாந்தம் பார்க்கிறார். குரக்கனில் நார்ச்சத்து உண்டு, கல்சியம் அரிசியை விடப் பல மடங்கு உண்டு. அது உண்மை. ஆனால் அதுவும் மாச்சத்துள்ள தானியம்தான்; நான்கு ரொட்டி சாப்பிட்டால் குருதியில் சீனி ஏறத்தான் செய்யும். 'மருந்து' என்ற ஒரு சொல்லை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்தினால், அவரை நான் அடுத்த மாதம் கிளினிக்கில் காண மாட்டேன், விடுதியில்தான் காண்பேன். உணவைப் பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரத்தை 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும் தடுக்கிறது. வைத்தியர் தன் பட்டத்தை வியாபாரத்துக்கு இரவல் கொடுப்பதும் தொழில் ஒழுக்கமல்ல. ஆகவே படத்தில் வெள்ளை மேலங்கியும் இல்லை, நானும் இல்லை. எனக்குக் கிடைத்த பதவி, ஒலிவாங்கியைக் குடைக்குள் மறைத்து வைப்பது.

மருந்து என்று சொல்லாமல், செய்முறையைக் காட்டினோம். ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்பு நீரை வடிப்பது, மீனும் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் மரவள்ளிக்கிழங்கும் பயிற்றங்காயும் பானைக்குள் போவது, கடைசியில் புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்வது எல்லாம் சில விநாடிக் காட்சிகளாக வருகின்றன. தலைமுடி மூடியிருக்கிறதா, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மூடி இருக்கிறதா என்று நான் ஒவ்வொரு காட்சியிலும் பார்த்தேன். பொது சுகாதாரப் பரிசோதகரும் முகநூல் பார்ப்பவர்தானே.

படம் எடுத்தது ஒரு கைத்தொலைபேசியில். நடுப்பகலில் தகரக் கூரையின் கீழ் முகங்கள் கறுத்துத் தெரிந்தன. ஆகவே விடியற்காலை வெளிச்சத்தில் எடுத்தோம். ஆவி கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும், பின்புறம் இருட்டாக இருக்க வேண்டும். கூழ் ஆறினால் தடித்து ஆடை கட்டும். ஒவ்வொரு முறையும் புதிதாக வார்க்க வேண்டும். ஐயாவாக நடித்தவர் ஒரு தோழியின் கணவர். ஒன்பது சிரட்டை குடித்து முடித்தவர், பத்தாவது தடவை வசனத்தைப் பிழையில்லாமல் சொன்னார். முதலில் ஏழு நிமிடமாக இருந்த படத்தை மூன்றாகக் குறைத்தோம். ஆனால் அம்மா கூழைக் குடித்துவிட்டு மௌனமாக இருக்கும் அந்த நான்கு விநாடியை மட்டும் வெட்ட விடவில்லை. அந்த மௌனம் இல்லாவிட்டால் பிறகு வரும் சிரிப்பும் இல்லை.

பலன் என்ன என்று கேட்பீர்கள். படம் வெளியான பின் கூழ் மத்தியானத்துக்கு முன்னரே முடியத் தொடங்கியது. ஆண்கள் வந்து, "அம்மா காய்ச்சிற மாதிரி வராது" என்று வேண்டுமென்றே சொல்லிவிட்டுச் சிரட்டையை நீட்டுகிறார்கள். கடையை மூடும் பேச்சு நின்றது. ஏழாவதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அவருக்கு இரண்டு பிள்ளைகள், இருவரும் பாடசாலை போகிறார்கள். இதெல்லாம் படத்தின் சாதனை என்று நான் சொல்ல மாட்டேன். படம் ஒருவரை ஒரு முறைதான் கூட்டி வரும். இரண்டாம் முறை கூட்டி வருவது கூழ்.

எங்கள் சங்கத்துக்கு நூறு வயது. இந்த நூறாண்டில் எத்தனையோ நிதி சேர்த்திருக்கிறோம், கட்டடம் கட்டியிருக்கிறோம். இவற்றோடு ஒரு சிறு வேண்டுகோளையும் வைக்கிறேன். எங்கள் பழைய மாணவிகளிலும் தையல் கடை, பலகாரம், நாற்றுமேடை என்று சிறுதொழில் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். இந்த ஆண்டில் ஒவ்வொரு வகுப்பும் அப்படி ஒருவருக்காக ஒரு மூன்று நிமிடப் படம் எடுத்துக் கொடுக்கட்டும். கைத்தொலைபேசி எல்லோரிடமும் உண்டு. பகிடிக்கும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: கதையை எழுதியதும் முதலில் அதை யாருக்காக எழுதினீர்களோ அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் சிரித்தால் படத்தை எடுங்கள். அவர் தலையைக் குனிந்தால் தாளைக் கிழித்துவிடுங்கள்.

இன்றைய மதிய உணவு அந்தப் பெண்களின் கைப்பக்குவம் என்று அறிகிறேன். அம்மா காய்ச்சுவதைப் போல வராது என்று சொல்ல விரும்புபவர்கள் தாராளமாகச் சொல்லலாம். இரண்டாவது சிரட்டையை வாங்கிக்கொண்டு சொல்லுங்கள்.