மேஃபீல்டில் அடித்த சுழல்காற்று
(பஞ்சாலைத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில், கென்டக்கி மாகாணத்தின் மேற்குக் கோடியில் மேஃபீல்டு என்று ஒரு சின்ன ஊர். ஜனத்தொகை சுமார் 10,000. 2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணி வாக்கில் அந்த ஊரைச் சுழல்காற்று அடித்தது. கோர்ட்டுக் கட்டடத்தின் கோபுரம் போயிற்று. கடைவீதி செங்கல் குவியலாயிற்று.

டோர்னடோ என்று அவர்கள் சொல்லும் இந்தக் காற்று, கடலில் பிறந்து நாள் கணக்கில் நகர்ந்து வரும் புயல் அல்ல. கீழே வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று. மேலே வேகமாக ஓடும் குளிர்ந்த காற்று. இவற்றுக்கிடையே எழும் இடிமேகம் சுழலத் தொடங்குகிறது. அந்தச் சுழல் தூண்போல் இறங்கித் தரையைத் தொட்டால், தொட்ட இடம் மிஞ்சாது. அந்த டிசம்பரில் அங்கே வழக்கத்துக்கு மாறான வெப்பம். அன்றைய காற்றின் உச்ச வேகம் மணிக்கு சுமார் 190 மைல். 165 மைல் தூரம், ஏறத்தாழ மூன்று மணி நேரம், தரையை விடாமல் ஓடியது. மாண்டவர்கள் 57 பேர்.

இதுவரை இயற்கையின் கதை. இனி மனிதனின் கதைக்கு வருகிறேன்.

ஊரில் ஒரு மெழுகுவத்தி ஆலை. கிறிஸ்துமஸ் நேரம்; சரக்குக்குக் கிராக்கி; இரவும் பகலும் வேலை. ஆரம்பக் கூலி மணிக்கு 8 டாலர். அன்றிரவு உள்ளே சுமார் 110 பேர். அவர்களில் ஏழு பேர் ஜில்லாச் சிறையிலிருந்து வேலைக்கு அழைத்து வரப்பட்ட கைதிகள். ஆம், தோழர்களே, கைதிகள்!

எச்சரிக்கை வரவில்லையா? வந்தது. வானிலை இலாகா பகலிலிருந்தே சொல்லி வந்தது. மாலை ஐந்தரை மணி வாக்கிலேயே அபாயச் சங்கு கேட்டதாகத் தொழிலாளர்கள் பிற்பாடு பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். அப்போதே வீட்டுக்குப் போகிறோம் என்று பலர் கேட்டார்களாம். போனால் வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளர்கள் மிரட்டியதாகச் சிலர் சொன்னார்கள். நிர்வாகம் இதை அடியோடு மறுத்தது. வழக்கும் கோர்ட்டுக்குப் போயிற்று. எப்படியானாலும், முதல் சங்குக்கும் காற்றுக்கும் நடுவே நாலு மணி நேரம் இருந்தது. நாலு மணி நேரம் என்றால் நம் ஷிப்டில் பாதி!

இப்படிப்பட்ட காற்றுக்கு நிலவறைதான் பத்திரம். அது இல்லாவிட்டால் கீழ்த்தளத்தில், கட்டடத்தின் நடுவே, ஜன்னலில்லாத சின்ன அறை. அகலமான தகரக் கூரை போட்ட பெரிய ஷெட்டுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒரு பக்கம் காற்று புகுந்தால் கூரை கிளம்பும், கூரை போனால் சுவருக்குப் பிடிப்பு இல்லை. இங்கே ஆலை முழுவதும் தரைமட்டம். இரும்பும் தகரமும் பதினைந்தடிக் குவியல். அதன் மேல் மோட்டார் கார்கள். ஒன்பது பேர் மாண்டார்கள். கைதிகள் ஏழு பேரும் பிழைத்தார்கள். அவர்களுக்குக் காவலாக வந்த அதிகாரி பிழைக்கவில்லை.

அதே இரவு, இல்லினாய் மாகாணத்தில் எட்வர்ட்ஸ்வில் என்ற ஊரில் அமேசான் கம்பெனியின் சரக்குக் கிடங்கு இன்னொரு சுழல்காற்றில் இடிந்து ஆறு பேர் இறந்தார்கள். அங்கும் பண்டிகைச் சரக்குதான்.

பிறகு கென்டக்கி சர்க்காரின் தொழில் பாதுகாப்பு இலாகா மெழுகுவத்தி ஆலையைச் சோதித்தது. ஏழு விதிமீறல்கள் என்று சொல்லி 40,000 டாலர் அபராதம் போட்டது. மணிக்கு 8 டாலர் வீதம், 110 பேர், பத்து மணி ஷிப்டு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஐந்து நாள் கூலிகூட ஆகவில்லை. அந்த அபராதத்தையும் கம்பெனி ஆட்சேபித்தது.