தாமதம்தான் நஷ்டம்

காலையில் கைப்பேசியை எடுக்கிறீர்கள். நீங்கள் எதையும் வாங்கவில்லை. ஆனால், "உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது" என்று ஒரு செய்தி வந்திருக்கிறது. என்ன செய்வது?

முதலில், அந்தச் செய்தியில் உள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். அதுவே போலியாக இருக்கலாம். ஷாப்பிங் ஆப்பை நேராகத் திறந்து பாருங்கள். ஆர்டர் நிஜமாகவே இருந்தால் உடனே ரத்து செய்யுங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். சேமித்த முகவரிகளையும் பாருங்கள். நீங்கள் கேள்விப்படாத ஊரின் கதவு எண் ஒன்று அதில் புதிதாக ஏறியிருக்கலாம். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு நீக்குங்கள். இமெயில் பாஸ்வேர்டையும் மாற்ற மறக்காதீர்கள். அது திருடன் கையில் இருந்தால், புதிய பாஸ்வேர்டையும் அவனே மாற்றிவிடுவான்.

பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லி கார்டை முடக்குங்கள். 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள்.

இதில் நாள் கணக்கு முக்கியம். உங்கள் மீதும் வங்கி மீதும் தவறில்லாத மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், உங்களுக்கு நஷ்டம் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் உத்தரவிட்டது. தவறு வாடிக்கையாளருடையது என்றால், அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு.

அதனால், ஏமாந்துவிட்டோமே என்று கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். உடனே சொல்லுங்கள்; வீட்டுப் பெரியவர்களுக்கும் 1930 என்ற எண்ணை இன்றே சொல்லிவையுங்கள்.